காத்தைக் காயவச்ச கார்த்திகை

அந்த ஸ்டூல்ல உக்காராதிய அண்ணாச்சி, ஒரு கால் ஆடும். இந்தச் சேர்ல இருங்க. ஆறுமுகநேரியில இருந்து பைக்குலயா வாரிய? இந்த வெயில்லயா? மொதல்ல தண்ணி குடிங்க. டீக்குச் சொல்லியிருக்கேன், வந்துரும். உள்ள ஸ்ஸ்ஸுன்னு சத்தம் கேக்குதுல்லா, அது எங்க வீட்டுக்காரி முத்துச்செல்வி. சின்ன வேலைதான், வெட்டிக்கிட்டு இருக்கா. முடிஞ்சதும் மிஷினைக் காட்டுதேன்.

கைக்குட்டைக்குள்ள என்ன முடிஞ்சு வச்சிருக்கிய? நாசிலா? குடுங்க பாப்போம்.

சரிதான். வட்டமா இருக்க வேண்டிய ஓட்டை கோணிப் போச்சு. ஓரமெல்லாம் அரிச்சிருக்கு. எத்தனை நாள் ஓடுச்சு? ஒரு நாளா? ஒரு நாள் ஓடுச்சுன்னா நீங்க புண்ணியவான். எனக்கு அப்ப அரை மணி நேரங்கூட ஓடாது. சிரிக்கேன்னு தப்பா எடுத்துக்கிடாதிய. உங்களைப் பாத்துச் சிரிக்கல. போன ஐப்பசியில நான் இதே மாதிரி ஒரு நாசிலைக் கையில வச்சுக்கிட்டு முழிச்சுக்கிட்டு நின்னேன், அந்த நெனப்பு வந்துட்டு. இப்பல்லாம் எனக்கு எதுக்கெடுத்தாலும் சிரிப்பாணி பொத்துக்கிட்டு வருது. கார்த்திகையில இருந்து இப்படித்தான். டாக்டர்ட்ட காட்டுங்கன்னு செல்வியே சொல்லுதா.

கோளாறு காத்துலதான். மிஷின்ல ஒண்ணும் இல்ல. பிளாஸ்மாங்கது என்ன? காத்தும் கரண்டும் சேந்ததுதான. டார்ச்சு மூக்குல மாட்டுத இந்த நாசிலு ஓட்டை வழியா காத்து வரும், கரண்டு அதைத் தீயாக்கி விடும், அந்தத் தீ இரும்பை வெட்டும். காத்துல தண்ணி இருந்தா தீ திக்கும். திக்குனா வெட்டு ஓரம் பல்லு பல்லா வரும், நாசிலு செத்துரும். நம்ம ஊருக் காத்து எப்படி? உங்க ஊரும் உப்பளம்தான, உங்களுக்குத் தெரியாததா. துணி காயவே ரெண்டு நாள் ஆவுது. இந்தக் காத்தைக் காயவைக்கத் தெரிஞ்ச ஆளு இந்த வட்டாரத்துல ஒருத்தன்தான், அது இந்த லிங்கதுரை. பெருமைக்குச் சொல்லல. உங்களை அனுப்பி வச்சவரும் அப்படித்தான சொல்லியிருப்பாரு?

என்னது? 'அந்தப் பொம்பள கடை'ன்னா சொன்னாரு? அது என்னன்னா, செல்வி வாசல்ல நிக்கதைப் பாத்துட்டுச் சொல்லியிருப்பாரு. விடுங்க.

மொதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்கு விளங்கும். நான் ஒம்பது வருசம் சவூதியில, தம்மாம்ல இருந்தவன். கப்பல் யார்டுல தகடு வெட்டுத வேலை. என் கைக்கு அங்க நல்ல பேரு. ஃபோர்மேன் மேத்யூ சேட்டன், மலையாளி, 'லிங்கம் வெட்டுன ஓரத்தை உரசவே வேண்டாம்'பாரு. ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா ரெண்டு மாசம் லீவு. வருவேன், எல்லாரையும் பாப்பேன், போயிருவேன்.

இதுல ஒண்ணு சொல்லணும். நான் கிளம்பிப் போறதுல எங்க வீட்டுக்காரிக்கு அவ்வளவு சந்தோசம். ஆமா அண்ணாச்சி, என்ன சிரிக்கிய, உள்ளதைத்தான் சொல்லுதேன். நான் வந்து பத்தாம் நாளே பெட்டியை எடுத்துத் துடைச்சு வச்சிருவா. போறதுக்கு ஒரு வாரம் இருக்கும்போதே துணியெல்லாம் மடிச்சு, ஊறுகா, கருவாட்டுப் பொடி எல்லாம் கட்டி, பூட்டும் போட்டுருவா. திருவனந்தபுரம் ஏர்போட்டுக்கு ஒரு நாளும் வந்ததில்ல. பஸ் ஸ்டாண்டுக்கே வரமாட்டா. வாசல்ல நின்னு 'சரி, வெரசா போங்க, வண்டி போயிரும்'பா. நான் தெருமொனை திரும்புததுக்குள்ள கதவை அடைச்சிருவா. கூட வேலை பாக்குதவன் பொண்டாட்டியெல்லாம் ஏர்போட்ல கண்ணைக் கசக்கிக்கிட்டு நிக்கும். எனக்கு அந்தக் குடுப்பினை இல்ல.

போன புரட்டாசிக் கடைசியில லீவுக்கு வந்தேன். எனக்கு நாப்பத்தி மூணு வயசு. ஒரே மக, ஏழாங்கிளாஸ் படிக்கா. என்னைப் பாத்ததும் எந்திரிச்சு நின்னு 'வாங்க'ன்னு சொல்லுதா. வீட்டுக்கு வந்த விருந்தாளிகிட்ட சொல்லுத மாதிரி. அன்னைக்கு ராத்திரியே முடிவு பண்ணிட்டேன், போதும்னு. இந்த முத்தையாபுரத்துலயே ஒரு பட்டறை போடணும், பிளாஸ்மா வச்சு கேட்டு, கிரில்லு, எழுத்து வெட்டணும். இங்க எல்லாவனும் கேஸ்லதான் வெட்டுதான், பூவேலையெல்லாம் வராது. நான் வந்து நின்னேன்னா கூட்டம் வரும்.

வந்துச்சு. மொத ஆளே பெரிய ஆளு. பைபாஸ்ல கல்யாண மண்டபம் கட்டுதாருல்லா, ஆறுமுகநயினார், அவரு மண்டபத்துக்கு கேட்டு. ரெண்டு கதவு, கதவுக்கு ஒரு யானை, தும்பிக்கையைத் தூக்கி மாலை பிடிச்சுக்கிட்டு நிக்கணும். மேல வளைவுல மண்டபத்துப் பேரு. முழுக்க ஆறு எம்.எம். தகடு. நான் அட்வான்ஸை வாங்கிட்டு வந்து செல்விகிட்ட சொன்னேன். 'கார்த்திகை இருபத்தஞ்சுக்கு டிக்கெட் போட்டிருக்கு. அதுக்குள்ள இந்த கேட்டு நின்னுட்டா நான் இங்கனயே இருக்கேன். நிக்கலைன்னா தம்மாம் போறேன். சரியா?' அவ சாளை மீனு ஆஞ்சுக்கிட்டு இருந்தா. 'சரி'ன்னா. தலையைக்கூடத் தூக்கல. ஒரு மனுசன் தன் வாழ்க்கையைப் பத்திப் பேசுதான், இவ செதிலு உரசுதா.

மிஷின் புதுசு. கம்ப்ரசர் பழசு, ஒரு பஞ்சர் கடைக்காரன் கடையை எடுத்தான், அவன்ட்ட வாங்குனது. ரெண்டையும் மாட்டிக் காத்தைத் திறந்துவிட்டு மொத வெட்டு வெட்டுதேன். யானைக்கு முதுகு. நாலு விரக்கடை போச்சு, டப்பு டப்புன்னு வெடிக்கு. டார்ச்சு துப்புது. ஓரத்தைப் பாத்தா எலி கடிச்ச ரொட்டி. நாசிலை மாத்துனேன். அரை மணி நேரம். செத்துப்போச்சு. இன்னொண்ணு. அதுவும் போச்சு. அந்த வாரத்துல ஒரு டப்பா நாசிலு தீந்துபோச்சு அண்ணாச்சி.

எனக்கு ஒண்ணும் ஓடல. ஏன்னா தம்மாம்ல செவத்துல ஒரு குழா இருக்கும். நான் ஓஸை மாட்டுவேன், திறப்பேன், காத்து வரும். அது எங்க இருந்து வருது, அதை யாரு காயவைக்கான்னு ஒம்பது வருசத்துல ஒரு நாளு நான் யோசிச்சதில்ல. மேத்யூ சேட்டனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். 'அதுக்கு டிரையர்னு தனி மிஷின் இருக்கு லிங்கம், நம்ம கேம்ப் ரூம் அளவு இருக்கும்'னாரு. இங்க கடையில சின்னதா இருக்கான்னு கேட்டேன். இருக்கு. என் மிஷின், கம்ப்ரசர், இந்த ஷெட்டு வாடகை எல்லாத்தையும் சேத்தாலும் அதுக்குக் காணாது.

அப்பதான் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. கேட்டுக்கிடுங்க, இது நானா யோசிச்சது. மழைக்காலத்துல நம்ம வீட்டு உப்பு ஜாடி என்ன செய்யும்? கசியும். எதனால? உப்பு காத்துல இருக்க ஈரத்தை இழுக்கும். அப்ப கம்ப்ரசர் காத்தை உப்பு வழியா விட்டா? ஈரத்தை உப்பு குடிச்சுரும், காத்து காஞ்சு வெளிய வரும். எப்படி? நீங்க தலையில அடிச்சுக்கிடுததைப் பாத்தா நீங்களும் செஞ்சு பாத்திருக்கிய போல. செஞ்சியளா? ஹா, நான் நெனைச்சேன். உப்பளத்துக்காரன் புத்தி வேற எங்க போவும்? மதுரைக்காரனுக்கு இந்த யோசனை வருமா?

ஒரு பழைய தீயணைப்பு சிலிண்டரு ஆக்கருல, அதான் பழைய இரும்புக் கடையில எடுத்தேன். மேலயும் கீழயும் வழி வச்சு வெல்டு பண்ணுனேன். பக்கத்து உப்பளத்துல மழைக்கு ஓலை போட்டு மூடி வச்சிருந்த அம்பாரத்துல இருந்து கல்லுப்பு ரெண்டு சாக்கு. செல்வி வேலைக்குக் கிளம்புதவ வாசல்ல நின்னு பாத்தா. அவ இறால் கம்பெனியில பதிமூணு வருசமா இருக்கா. 'உப்பு குடிச்ச தண்ணி எங்க போவும்?'னு கேட்டா. இறால் உரிக்கதவளுக்கு இதெல்லாம் எதுக்கு? 'நீ போ, ஷிப்டுக்கு நேரமாச்சு'ன்னுட்டேன்.

மாட்டித் திறந்தேன். வெட்டுனேன். அண்ணாச்சி, என்ன வெட்டுங்கிய. ஒரு மணி நேரம் வெண்ணெயா போச்சு. யானைக்கு முதுகு, வாலு, பின்னங்காலு ரெண்டும். எனக்குத் தலைகால் புரியல. ரோட்டுல போறவனையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுனேன். ஆறுமுகநயினாருக்குப் போன் போட்டு, வாங்க, உங்க யானையை வந்து பாருங்கன்னேன். அவரும் கார்ல கிளம்பிட்டாரு.

அவரு கார் வந்து நிக்கவும், நான் தும்பிக்கையை வெட்ட ஆரம்பிக்கவும் சரியா இருந்துச்சு. டார்ச்சு ஒரு இருமல் இருமுச்சு. அப்புறம் கக்குச்சு பாருங்க. உப்புத் தண்ணி. வெள்ளை வெள்ளையா, தகடு பூராம், என் கையி, முகமூடி, அவரு வேட்டி எல்லாத்துலயும். உப்பு குடிச்ச தண்ணியெல்லாம் சேந்து சிலிண்டருல நெறைஞ்சு, ஓஸ் வழியா டார்ச்சுக்கே வந்துட்டு. தும்பிக்கை ரெண்டாப் பொளந்துபோச்சு. டார்ச்சுத் தலைக்குள்ள ஒரே பொறி, பெறவு புகை.

ஆறுமுகநயினார் தகட்டைக் குனிஞ்சு பாத்தாரு. வேட்டியைத் தொடைச்சாரு. 'ஏம்பா, இது யானையா பன்னியா?'ன்னாரு. மெதுவாத்தான் கேட்டாரு, அதான் பொறுக்க முடியல. 'கார்த்திகை இருபத்திரெண்டு வரைக்கும் பாப்பேன், அதுக்கு மேல மதுரையில குடுத்துருவேன்'னு சொல்லிட்டுப் போயிட்டாரு. ரோட்டுல நின்ன கூட்டம் சிரிக்கு. நான்தான கூப்பிட்டு நிக்க வச்சேன்.

ஷட்டரை இழுத்து அடைச்சிட்டு வீட்டுக்கு வந்து படுத்தேன். செவத்தைப் பாத்துப் படுத்துக்கிட்டே சொன்னேன், 'செல்வி, பெட்டியை எடு. நான் போறேன். இங்க நம்மளுக்கு ஆவாது.' அவ எப்பவும் போல 'சரி'ன்னு சொல்லுவான்னு பாத்தேன். ஒண்ணும் சொல்லல. சோத்துத் தட்டைப் பக்கத்துல வச்சிட்டு வெளிய போயிட்டா. சந்தோசத்துல வாயடைச்சுப் போச்சுன்னு நெனைச்சுக்கிட்டேன்.

டீ வந்துட்டு, எடுத்துக்கிடுங்க. வடை வேணுமா? கூச்சப்படாதிய.

மூணாம் நாளு, மத்தியானம் ஷிப்டு முடிஞ்சு செல்வி ஷேர் ஆட்டோவுல வந்து இறங்குதா. தலையில ஒரு தெர்மாகோல் பெட்டி, மீனு அனுப்புத பெட்டி, ஒரு மூலை உடைஞ்சது. உள்ள ஐஸு. வீட்டுக்குப் போவல, நேரா பட்டறைக்கு. நான் பின்னாலயே போனேன், என்னடி இது கோட்டித்தனம்னு. அவ கம்ப்ரசர் பக்கத்துல குத்த வச்சு உக்காந்தா. 'இந்த டேங்குக்கு அடியில ஒரு திருகு இருக்குல்லா, இதைத் திறந்தியளா?'ன்னு கேட்டா. திறக்கணும்னு நானும் நெனைச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். வேலை மும்முரத்துல விட்டுப்போச்சு. அவ சேலையை இழுத்துச் சொருகிட்டு அதைத் திருகுனா. துருத்தண்ணி. வருது, வருது, நிக்கவே மாட்டேங்கு. முக்கா வாளி வந்துச்சு.

'எங்க கம்பெனி காத்து மிஷின்ல அரை மணிக்கு ஒருக்கா மெக்கானிக் இதைத் தொறப்பாவ'ன்னா. 'குளிரு ரூமு குழா எப்பவும் வேர்த்துக்கிட்டே இருக்கும். காத்துல இருக்க தண்ணி குளிர்ச்சியைக் கண்டா வெளிய வந்துரும். அங்கனயே புடிச்சு வெளிய விட்டுட்டா, பெறவு போற காத்துல தண்ணி இருக்காதுல்லா?' இப்படிச் சாதாரணமாச் சொல்லுதா, ஏதோ ரசம் வைக்கது எப்படின்னு சொல்லுத மாதிரி.

நான் உடனே புடிச்சுக்கிட்டேன் அண்ணாச்சி. கற்பூர புத்தி நமக்கு. அவ சொன்னது சும்மா ஒரு பேச்சு, அதை வேலையா மாத்துனது நான்தான். ஆக்கருல பழைய ஏ.சி. செப்புக் குழா வாங்கிட்டு வந்து, வாளியில சுத்திச் சுத்தி வளையமா வளைச்சேன். ஒரு நெளிவு விழல. அதை ஐஸுப் பெட்டிக்குள்ள எறக்குனேன். கம்ப்ரசரை வெயில்ல இருந்து அந்த வேப்பமரத்து நிழலுக்கு மாத்துனேன், அது செல்வி சொன்னது. அங்கேருந்து குழாயைச் செவத்துல ஏத்தி எறக்கி நீளமா கொண்டுவந்தேன், அதுவும் அவ சொன்னதுதான். ஒவ்வொரு எறக்கத்துலயும் அடியில ஒரு சின்ன வால்வு, தண்ணி வடிக்க. அது, அதுவும் அவ சொன்னதுதான்னு வைங்க. ஆனா வெல்டு என் வெல்டு. ஒரு எடத்துல காத்து கசியாது, சோப்புத் தண்ணி போட்டுப் பாத்துக்கிடுங்க.

கடைசியில, டார்ச்சுக்கு முன்னால, ஒரு இரும்புக் குழாக்குள்ள நீல மணி. சிலிக்கா. கரண்டு டிரான்ஸ்பார்மர்ல வைப்பாவளே, அது. அவ கம்பெனி எலெக்ட்ரீசியன்ட்ட சொல்லி வாங்கியாந்தா. மிச்சம் மீதி ஈரத்தை அது இழுத்துரும். ஈரம் ஏறுனா ரோஸ் கலரா மாறிரும், மெதுவா வறுத்தா மறுபடி நீலமாவும். மணி தூசி டார்ச்சுக்குப் போயிராம இருக்க அவளே ரெண்டு பக்கமும் காடாத் துணியை மடிச்சு வச்சுக் கட்டுனா. உப்பை விட இது தேவலைன்னு எனக்கும் தோணுச்சு. உப்புல நான் ஆரம்பிச்ச வேலைதான இது, அவ உப்புக்குப் பதிலா வேற ஒண்ணு வச்சா, அவ்வளவுதான். வறுக்கதுக்கு வீட்டுத் தாளிப்புச் சட்டியை நான் எடுத்துட்டேன்னு அன்னைக்கு மட்டும் ஒரு சண்டை. 'இனி இந்தச் சட்டி சோத்துப் பக்கம் வரப்படாது'ன்னு இங்கனயே விட்டுட்டுப் போயிட்டா. அதான் அந்தா தொங்குது.

டார்ச்சுத் தலையும் புதுசு வாங்கி எல்லாம் மாட்டியாச்சு. கரண்டு போடாம காத்தை மட்டும் திறந்துவிட்டேன். செல்வி கைப்பையில இருந்து பவுடர் கண்ணாடியை எடுத்து டார்ச்சு வாய்க்கு நேரா புடிச்சா. ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுதா. அறுபது வரைக்கும் எண்ணுனா. கண்ணாடியைத் திருப்புனா. பளிச்சுன்னு இருக்கு. ஒரு பொட்டு ஈரம் இல்ல. நான் பாத்தேன், அவ பாத்தா. ரெண்டு பேரு மூஞ்சியும் கண்ணாடிக்குள்ள சேந்து தெரியுது. அவளுக்குத் திடீர்னு சிரிப்பு வந்துட்டு. எனக்கும் வந்துட்டு. எதுக்குச் சிரிக்கோம்னு தெரியாம கம்ப்ரசர் மேல சாஞ்சுக்கிட்டு சிரிக்கோம். கம்ப்ரசர் வேற ஆடுதா, நாங்களும் சேந்து ஆடுதோம். கல்யாணம் ஆயி பதினாலு வருசத்துல அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. பாக்கதுக்கு நான் ஊர்ல இருந்திருக்கணும்லா, அது வேற விசயம்.

பெறவு என்ன? வெட்டு, வெட்டு, வெட்டு. கார்த்திகை பாதிக்குள்ள ஒரு யானை முடிஞ்சுது, எழுத்து முடிஞ்சுது. ஓரத்தைத் தடவிப் பாத்தா கையில ஒரு பிசிறு படாது. செல்வி தெனமும் ஷிப்டு முடிஞ்சு வரும்போது ஐஸு கொண்டுவருவா, அரை மணிக்கு ஒருக்கா வால்வைத் திறந்து தண்ணியை வடிப்பா. நான் மறந்தாலும் அவ மறக்கமாட்டா.

கார்த்திகை இருபது. புயல் சின்னம்னு ஹார்பர்ல கூண்டு ஏத்திட்டான். மழைன்னா மழை. மீன்பிடி போட்டு ஒண்ணும் கடலுக்குப் போவல. போட்டு போவலைன்னா ஐஸு யாருக்கு வேணும்? ஐஸு கம்பெனி எல்லாம் நிறுத்திட்டான், செல்வி கம்பெனியிலயும் இருக்காதுன்னு நெனைச்சேன். நான் மழையோட மழையா நாலு எடத்துக்கு அலைஞ்சேன், ஒரு கட்டி கிடைக்கல. ரெண்டாவது யானை பாதியில நிக்கு. ஆறுமுகநயினார் சொன்ன நாளுக்கு ரெண்டு நாளு இருக்கு. வெட்டி முடிச்சாத்தான் வெல்டு வச்சு, பெயிண்டு அடிச்சு, கொண்டுபோயி நிறுத்த முடியும். ஐஸு இல்லாம வெட்டிப் பாத்தேன், அந்த ஈரத்துல நீல மணி கால் மணி நேரத்துல ரோஸ் ஆயிட்டு. சரி, தம்மாம்தான் நம்ம தலையெழுத்துன்னு ஷட்டருக்குக் கீழ உக்காந்துட்டேன்.

மத்தியானம் ரெண்டரை மணி இருக்கும். ரோட்டுல ஒரே சத்தம், சிரிப்பு. எட்டிப் பாக்கேன், பொம்பளையளு கூட்டமா வருதாவ. பதினோரு பேரு. எல்லாரும் நீல ஏப்ரன், தலையில வலைத்தொப்பி கூட கழத்தல, மேல பிளாஸ்டிக் சாக்கு. ஒவ்வொருத்தி கையிலயும் தூக்குவாளி, டிபன் கேரியர், ஒரு அம்மா குழந்தைக்குப் பால் கொண்டுபோற பிளாஸ்க்குல கூட. எல்லாத்துலயும் ஐஸு. இறால் கம்பெனியில அன்னைக்கு சரக்கு வரலன்னு சீக்கிரம் விட்டிருக்காவ, கொட்டப் போன ஐஸை சூப்பர்வைசர்ட்ட சொல்லி ஆளுக்கு ஒரு வாளி அள்ளிட்டு வந்துட்டாவ. முன்னால எங்க வீட்டுக்காரி, ரெண்டு கையிலயும் வாளி.

'எங்க, அந்த யானையைக் காட்டுங்க'ங்கா ஒருத்தி. 'செல்வி தெனமும் யானை யானைன்னு உயிரை எடுக்கா, நாங்களும் பாக்கணும்'ங்கா இன்னொருத்தி. இந்த ஷெட்டுக்குள்ள எல்லாரும் நின்னாவ. ஒருத்தி ஐஸைக் கொட்டுதா, ஒருத்தி வால்வைத் திறக்கா, ஒருத்தி சட்டியில மணி வறுக்கா. நான் வெட்டுதேன். தும்பிக்கையைச் சுத்தி வந்து, மாலையில கடைசிப் பூவைச் சுத்தி வந்து, டார்ச்சை எடுத்தேன். துண்டு தானா கீழ விழுந்துச்சு, டங்குன்னு. அந்தப் பொம்பளையளு குலவை போட்டாவ பாருங்க. மழைச் சத்தமே கேக்கல.

இருபத்திரெண்டு சாயங்காலம் கேட்டு நின்னுட்டு. ஆறுமுகநயினார் ரெண்டு கதவையும் அடைச்சுத் திறந்து பாத்தாரு. யானையைத் தடவுனாரு. 'இப்ப யானை'ன்னாரு. அதோட நிறுத்தியிருக்கலாம். 'வீட்டம்மாகிட்ட சொல்லு, அடுத்தாப்புல மாடிப்படி கிரில்லு இருக்குன்னு' அப்படின்னுட்டுப் போறாரு. வெட்டுனவன் நான் நிக்கேன். வீட்டம்மாகிட்ட சொல்லணுமாம்.

சரி, மெயின் விசயத்துக்கு வாரேன். மறுநாளு காலம்பர குளிச்சு, நெத்தியில துண்ணூறு போட்டு, மேத்யூ சேட்டனுக்குப் போன் போட்டேன். ஒம்பது வருசமா அந்த வார்த்தையைச் சொல்லணும்னு நெனைச்சிருக்கேன். நெஞ்சை நிமித்திக்கிட்டு, 'சேட்டா, நான் இனிமே வரல'ன்னேன்.

'அதான் உன் ஒய்ஃப் அன்னைக்கே போன் போட்டுச் சொல்லிட்டாங்களே லிங்கம். கேம்ப்ல உன் கட்டிலுக்கு ஒரு பீகார் பையன் வந்துட்டான்'னாரு.

என்னைக்கு சேட்டான்னேன். அவரு போன்ல பாத்துச் சொன்னாரு. நவம்பர் பதினேழு. காலையில எட்டு மணிக்கு.

நான் காலண்டரைப் பாத்தேன். டார்ச்சு உப்புத் தண்ணி கக்குனது பதினாறாந் தேதி. அண்ணாச்சி, அதுக்கு மறுநாளு. ஐஸு வரல. செப்புக் குழா வரல. நீல மணி வரல. நான் செவத்தைப் பாத்துப் படுத்துக்கெடக்கேன், பெட்டியை எடுன்னு சொல்லிட்டு. ஊரே சிரிக்கு. ஒண்ணுமே இல்லாத அந்த நாள்ல, என் சோத்துத் தட்டை வச்சிட்டு வெளிய போனவ, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம, அந்த வேலையை முறிச்சு விட்டுட்டா. திரும்பிப் போவ வழியே இல்லாமப் பண்ணிட்டா.

எனக்கு மொதல்ல கோவம்தான் வந்துச்சு. வராதா? நேரா அடுப்படிக்குப் போனேன். அவ தோசை ஊத்திக்கிட்டு இருந்தா. 'யாரைக் கேட்டுச் சொன்ன? அன்னைக்கு மிஷின் ஓடவே இல்லையே. காத்து காயாமலே போயிருந்தா என்ன செஞ்சிருப்ப?'ன்னு கத்துனேன்.

அவ தோசையைத் திருப்பிப் போட்டா. 'காயாட்டா போவுது'ன்னா. 'நான் இன்னொரு ஷிப்டு சேத்துப் பாத்திருப்பேன். நீங்க வீட்டுல இருந்திருப்பிய.'

அவ்வளவுதான் சொன்னா. கொல்லைப்பக்கம் போயி முகத்தைக் கழுவுனேன். கழுவக் கழுவ நிக்கல. எனக்கு அவளைப் பிடிக்கும்னு எனக்கு எப்பவும் தெரியும் அண்ணாச்சி. அவளுக்கு என்னைப் பிடிக்கும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு. பதினாலு வருசம் கழிச்சு. அன்னையில இருந்துதான் இந்தச் சிரிப்பு, தண்ணி குடிச்சா சிரிப்பு, ரோட்டுல நடந்தா சிரிப்பு, என்ன செய்யச் சொல்லுதிய.

சத்தம் நின்னுட்டு. முடிச்சுட்டா போல. செல்வி, ஆறுமுகநேரியில இருந்து வந்திருக்காவ, காத்து விசயமா. வாங்க அண்ணாச்சி, குனிஞ்சு வாங்க, ஷட்டர் தட்டும். நாசிலை அவகிட்டக் குடுங்க. என்ன கேக்கணுமோ அவகிட்டயே கேளுங்க, எல்லாம் சொல்லுவா. நான் எங்கயும் போவல, இங்கனதான் இருப்பேன்.